வழி தெரிந்த புரதம்

வாக்குமூலம் கொடுக்கப் போகிற ஒவ்வொரு முறையும்
இரண்டு நாள் முந்தியே உதட்டின் இடது மூலை
சுள்ளென்று குத்தத் தொடங்கிவிடும்.
பிறகு சிவப்பு. பிறகு நீர் கோத்த
நாலைந்து மணிக் கொப்புளம்.
"சிலந்தி எச்சம் பட்டிருக்கு" என்பாள்
பக்கத்து மேசைத் தவமலர்.
நான் சிரிப்பதில்லை. சிரித்தால் வெடிக்கும்.

பதினெட்டு வருசமாய்
மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில்
மற்றவர்களின் இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிறவள்.
இது யாரென்று எனக்குத் தெரியும்.
சின்ன வயதில் யாரோ கொஞ்சிய கொஞ்சலோடு வந்து
காதுக்கு முன்னால், முகநரம்பின் முடிச்சுக்குள்
கதவைச் சாத்திப் படுத்திருக்கிறது.
வெயில், காய்ச்சல், பயம்,
ஏதாவது ஒன்று தட்டினால் எழும்பும்.

நேற்று இராக்கடமை.
சுழலி நின்றபின் வருகிற அந்த மௌனத்தில்
ஓர் ஆய்வுக் கட்டுரையைப் போனில் பெரிதாக்கிப் படித்தேன்.

ஹெர்பீஸுக்குக் கால் இல்லை.
ஓர் உறை, உள்ளே சில கட்டளைகள், அவ்வளவுதான்.
தோலின் கலத்துக்குள் நுழைந்ததும்
அங்கே சுமை தூக்குகிற புரதத்தைப் பிடிக்கிறது.
கைனீசின்.
இரண்டு கால் அதற்கு.
நூல்போன்ற தடத்தில் மாறி மாறி அடிவைத்து
எதை ஏற்றினாலும் கொண்டுபோகும்.
என்ன சுமை என்று கேட்க வாயில்லை.

இவ்வளவும் தெரிந்ததுதான்.
அடுத்த பந்தியில் என் விரல் நின்றது.

புறப்படும்போது வைரஸ்
அந்தக் கைனீசினை விட்டுவிட்டுப் போவதில்லை.
தன் உறைக்குள் திணித்துக் கட்டி
அடுத்த கலத்துக்கு, நரம்புக்கு, கூட்டிப்போகிறது.
அங்கே, தடம் மாறுகிற சந்தியில்
அவிழ்த்துவிடுகிறது:
நட. கருவின் வாசல் மட்டும் நட.
வாசல் திறந்தபின்
எங்கள் எழுதுநரைக் கொண்டே
தன் உத்தரவுகளை எழுதுவிக்கும்.

அண்ணன் பாண் விற்றவன்.
சைக்கிள் கரியரில் தகரப்பெட்டி, ரப்பர் ஹோன்.
வவுணதீவிலிருந்து ஆயித்தியமலை மட்டும்
எந்தப் படலையில் எத்தனை றாத்தல்,
எந்த நாய் கடிக்கும், எந்த வீட்டில் கடன்,
எல்லாம் அவன் காலுக்குப் பாடம்.
தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் கொண்டுபோனார்கள்.
பெட்டி மட்டும் வாய்க்கால் கட்டில் கிடந்தது,
எறும்பு மொய்த்த ஏழு பாணோடு.

பதினொரு வாக்குமூலத்திலும் நான் சொன்னது இதுதான்.

சொல்லாதது:
நாற்பது நாள் கழித்து வேறோர் ஊரில்
பள்ளிக்கூட மைதானத்தில் ஆம்பிளைகளை வரிசையாய் நிறுத்தி
சாக்கு மூடிய ஒருவனை ஜீப்பில் கொண்டுவந்தார்கள்.
சாக்கில் இரண்டு ஓட்டை.
தலை ஆடினபோதெல்லாம் வரிசையில் ஓராள் குறைந்தது.
பூமணிதேவி அக்கா சாக்கைப் பார்க்கவில்லை.
மிதிபலகையில் தொங்கிய காலைப் பார்த்தாள்.
இடது செருப்பின் வார் செப்புக் கம்பியால் கட்டியிருந்தது.
மூன்றாவதாய்க் குறைந்தவர் அவள் புருசன்.
எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாள்,
தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுப் போனாள்.
ஏசியிருக்கலாம்.

அந்தக் கம்பியை முறுக்கியது நான்.
பத்து வயது.

கட்டுரை அதற்கொரு பெயர் வைத்திருக்கிறது:
தன்வயப்படுத்தப்பட்ட கைனீசின்.
துரோகி என்ற சொல்லைத் தேடினேன்,
அடிக்குறிப்பிலும் இல்லை.
ஆனாலும் கணக்கு ஓரிடத்தில் உதைக்கிறது.
புரதத்துக்குப் பயம் கிடையாது.
அண்ணனுக்கு இருட்டென்றாலே பயம்.
சாக்குக்குள் எவ்வளவு இருட்டு.

கைப்பையில் அசைக்ளோவிர் இருக்கிறது.
ஐந்து நாளில் கொப்புளம் காயும்.
முடிச்சில் படுத்திருப்பதை அது தொடாது.

நாளை ஒன்பது மணிக்குக் கச்சேரியில்
அதே படிவம், அதே கட்டம்:
இறுதியாகக் காணப்பட்டபோது அணிந்திருந்தவை.
வழமையாய் நீலச் சாரம் என்று எழுதி நிறுத்துவேன்.

நீலச் சாரம்.
இடது காற் செருப்பு, வார் அறுந்தது,
செப்புக் கம்பியால் கட்டியது.
கண்டவர் பெயர்